சந்தையில் சில்லறை இல்லை

ஆரம்பப் பிரிவில் சிறுவர் சந்தை நடத்தாத பாடசாலையை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். மாத்தளை நகரிலும் அதுதான், மேலே எல்கடுவத் தோட்டப் பக்கத்திலும் அதுதான். ஏன் என்று கேட்டால், "பிள்ளைகள் காசு எண்ணப் பழகுகிறார்கள்" என்று பதில் வருகிறது. இந்தப் பதிலோடுதான் எனக்கு நெடுநாள் வழக்கு.

சந்தையால் நன்மை உண்டு. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை கூவி விற்கிறது. கொழுந்தெடுக்கப் போகும் தாய் ஒருநாள் பாடசாலைக்கு வருகிறாள். சந்தை நடத்த இவை போதும். காசுக் கணக்குக்குப் போதாது.

விலை அட்டைகளைப் பாருங்கள். கீரைக் கட்டு 50 ரூபா, வாழைப்பூ 100 ரூபா. எல்லாம் தாளோடு முடிகிற விலை. 2022 நெருக்கடியில் விலைகள் ஏறியபின், ஒரு ரூபாவுக்கும் இரண்டு ரூபாவுக்கும் கடையிலேயே வேலை குறைந்துவிட்டது. மிச்சத்துக்கு டொஃபி நீட்டும் பழக்கம் வேறு. அந்தக் குறையை நிரப்ப வேண்டிய சந்தையிலும் நாணயம் தலைகாட்டுவதில்லை. தப்பித் தவறி மிச்சம் கொடுக்க நேர்ந்தால், பின்னால் நிற்கும் அம்மாவோ ஆசிரியையோ எண்ணிக் கொடுத்துவிடுகிறார். பிள்ளைக்குக் கை நீட்டுவது மட்டுமே வேலை.

ஆறு வயதுப் பிள்ளைக்கு நாணயம் எளிய பொருளல்ல. அதுவரை எண்ணிய குச்சியும் கொட்டையும் ஒவ்வொன்றும் ஒன்றுதான். இங்கே மட்டும் ஒரே வில்லை பத்தாகிறது. மூன்று இரண்டு ரூபாவை ஒரு பக்கமும், ஒரு பத்து ரூபாவை மறுபக்கமும் வைத்து "எது கூட?" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் மூன்று கிடக்கும் பக்கத்தைத்தான் தொடும். பருமனும் ஏமாற்றும்: பழைய இரண்டு ரூபா ஐந்து ரூபாவைவிட அகலம். 2017இல் வந்த வரிசையிலோ ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து நான்கும் ஒரே வெள்ளை நிறம். பதினொரு பக்கமுள்ள பத்து ரூபா மட்டும் விரலுக்குத் தனியாகத் தெரியும். இவ்வளவையும் ஆண்டுக்கொரு காலைப்பொழுதில், அந்த இரைச்சலுக்கு நடுவில், எந்தப் பிள்ளை பிரித்தறியும்?

சந்தைக்கு வக்காலத்து வாங்குவோர் பிரேசிலின் ரெசிபே நகர ஆய்வைக் காட்டலாம். 1985இல் வெளியான அதில், தெருவில் விற்ற பிள்ளைகள் விற்கும்போது போட்ட கணக்கில் 98 வீதம் சரி. அவ்வகைக் கணக்கையே வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 வீதம்தான் சரி. ஆனால் அவர்கள் ஒன்பது முதல் பதினைந்து வயதினர், பிழைப்புக்காக விற்றவர்கள். மிச்சம் பிழைத்தால் நட்டம் அவர்கள் தலையில். அவர்களைத் தேற்றியது தாமே போட்டுப் பழகிய கணக்கு. அந்தக் கணக்கைத்தான் நம் சந்தை பெரியவர்களிடம் கொடுத்துவிடுகிறது.

தோட்டப் பிள்ளைக்கு இது பெரிய இழப்பு. பல வீடுகளுக்குக் கடையில் கொப்பிக் கணக்கு. சம்பள நாளில்தான் கழியும். பிள்ளை சீனி வாங்கப் போனாலும் காசு கைமாறுவதில்லை. பாடசாலையும் கைவிட்டால் அது எங்கே பழகும்?

முதலாம், இரண்டாம் தர வகுப்பில் தினமும் பத்து நிமிடம் உண்மையான நாணயங்களைக் கையில் கொடுங்கள். பத்து ரூபாவை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கேளுங்கள். சந்தை வைத்தால் 7 ரூபா, 13 ரூபா என்று விலை போடுங்கள். பெரியவர்கள் ஓரடி தள்ளி நின்று, பிள்ளை பிழைவிட்டுத் திருத்தும்வரை பொறுத்திருக்கட்டும். அதற்கு மனமில்லையென்றால் சந்தையை விழாவாக நடத்துங்கள். கணிதப் பாடவேளையை அதற்குக் கொடுக்காதீர்கள்.