ஊக்கும் ஆப்பும் ஒட்டும்

எக்ஸ்ரே படத்தை லயத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தரவளை மைதானத்தில் பந்துக்குப் பாய்ந்து முழங்கால் ஜவ்வை அறுத்துக்கொண்ட அக்கா மகனின் கால். தொடையெலும்பின் வெளியோரத்தில் பூசணி விதை அளவில் ஒரு வெள்ளைக் கீற்று. முப்பது வருடம் கொழுந்து பறித்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தம்பி, இது செருப்புக்குக் குத்துற ஊக்கு மாதிரில்ல இருக்கு?"

அதேதான். இறப்பர் செருப்பின் வார் ஓட்டையிலிருந்து பிதுங்கி வந்துவிட்டால், மறுபடி நுழைத்து அடியில் குறுக்கே ஒரு ஊக்கைக் குத்துவோம். ஊக்கு ஓட்டையைவிட நீளம். வார் அப்புறம் வராது. முழங்காலுக்குள் இருப்பது ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் நீளமும் 4 மில்லிமீற்றர் அகலமும் உள்ள டைட்டேனியப் பொத்தான். அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக, தொடைப் பின்புறத்திலிருந்து எடுத்து மடித்த தசைநார் அதன் வளையத்தில் தொங்குகிறது. பொத்தானின் இரு முனையிலும் நூல். ஒரு நூலை இழுத்தால் பொத்தான் நெட்டுக்குத்தாக எலும்புத் துளையைக் கடக்கும். வெளியே தலை காட்டியதும் மற்ற நூலைச் சுண்டினால் குறுக்கே புரளும். பிறகு மருத்துவர் தசைநாரைக் கீழே இழுத்துப் பார்ப்பார். பொத்தான் எலும்பில் உட்கார்ந்ததைக் கை சொல்லிவிடும்.

கீழ்க்காலில் வேறு வித்தை. மண்வெட்டிப் பிடி ஆடினால் ஆப்பு அடிப்பதுபோல, துளைக்குள் தசைநாரின் பக்கத்திலேயே ஒரு திருகு. அது தசைநாரைத் துளைப்பதில்லை, எலும்புச் சுவரோடு நெருக்குகிறது. நார் அறுபடாதபடி மரையின் விளிம்பை மழுக்கியிருப்பார்கள். உடம்பிலே கரையும் வகையென்றால் எக்ஸ்ரேயில் தெரியாது. எங்கள் படத்திலும் திருகு இல்லை, துளையின் நிழல் மட்டுமே. திருகை முடுக்குமுன் முழங்காலைப் பலமுறை மடக்கி நீட்டுவார்கள். புதுக் கயிற்றைக் கூடையில் கட்டுமுன் இழுத்துத் தளர்வெடுக்கிறோமே, அந்த வேலைதான்.

ஊக்குக்கும் ஆப்புக்கும் தனித்தனிக் குணம். பொத்தான் எலும்பின் கெட்டியான வெளி ஓட்டில் உட்காருவதால் பிடி உறுதி. ஆனால் மூட்டுக்கு எட்டத்தில் தொங்குவதால் நார் துளைக்குள் கொஞ்சம் அசைய இடமுண்டு. திருகு மூட்டின் வாசலருகே நெருக்கிப் பிடிக்கும்; எலும்பு மென்மையாக இருந்தால் நழுவவும் கூடும்.

இத்தனை கவனமும் எதற்கு? இளவயதுக்காரரின் சொந்த ஜவ்வு சுமார் 2160 நியூட்டன் இழுவை தாங்கும். நாலு மடிப்புத் தசைநார் 4000ஐத் தாண்டும். அதை எலும்போடு பிடிக்கும் கட்டோ பெரும்பாலும் 1000ஐச் சுற்றியோ அதற்குக் கீழோதான். கயிறு பலசாலி, முடிச்சுதான் சோனி. சிகிச்சைக்குப் பிந்திய ஆரம்ப நாட்களில் பலவீனமான இடம் இந்தப் பொருத்துதான் என்று ஜப்பானிய மருத்துவர் மசாஹிரோ குரோசாகா 1987இல் அளந்து காட்டினார். அந்த ஆய்வில் மற்றக் கட்டுகளை மிஞ்சியதும் 9 மில்லிமீற்றர்த் தலையில்லாத் திருகுதான்.

தேயிலையிலும் ஒட்டுக்கட்டுவது உண்டு. வறட்சி தாங்கும் ரகத்தின் தண்டைப் பிளந்து, நன்றாக விளையும் ரகத்தின் துளிரை ஆப்புப்போலச் சீவிச் செருகி நாடாவால் இறுக்குவார்கள். நாடா செடியை வளர்ப்பதில்லை. பச்சை பச்சையோடு சேரும்வரை அசையவிடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவே. காலிலும் அதே கணக்கு. ஏறக்குறைய 12 வாரத்தில் எலும்பிலிருந்து மெல்லிய நார்கள் கிளம்பித் தசைநாரைத் தைத்துவிடும். அதுவரைதான் பொத்தானுக்கும் திருகுக்கும் பொறுப்பு.

அக்காவின் உவமை இந்த இடத்தில்தான் முறிகிறது. இறப்பர் துளிர்ப்பதில்லை, ஆகவே செருப்பு ஊக்குக்கு ஓய்வே கிடையாது, செருப்பைத் தூக்கி எறியும் நாள்வரை பாரம் அதன்மேல்தான். மருமகனின் பொத்தான் இன்னும் அங்கேயே இருக்கிறது. நேற்று அவன் லயத்துப் படிகளில் ஒவ்வொரு காலாக இறங்கிக் குழாயடிக்குப் போனபோது, அதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.