தைப்பதும் தையலும்

லக்கலப் பக்கம் போகிறவர்கள் நக்கிள்ஸ் மலையைப் பார்ப்பார்கள், களு கங்கை நீர்த்தேக்கத்தைப் பார்ப்பார்கள். நல்ல தையல் பார்க்க ஆசையுள்ளவர் வீட்டுத் தோட்டத்து அகன்ற இலைகளைப் பார்க்கட்டும். கூடு கட்டும் காலத்தில் தையற்சிட்டு அங்கேதான் வேலை செய்யும்.

தைப்பது பெரும்பாலும் பெட்டை. இலையின் ஓரத்தில் அலகால் பொடித் துளை போட்டு, பஞ்சிழையையோ சிலந்தி நூலையோ அதில் நுழைத்து, எதிர் ஓரத்தோடு சேர்க்கும். இழையின் முனை துளைக்கு வெளியே பொங்கி நிற்பதால் உருவிக்கொண்டு வராது. துளை அவ்வளவு சிறிது. இலை வாடுவதில்லை, செடியிலிருந்து பிரிவதும் இல்லை. இலையின் மேற்புறமே வெளியே இருக்கும்படி மடிப்பதால், பக்கத்தில் நின்றாலும் கூடு தெரியாது. இயற்கையியலாளர் தாமஸ் பென்னன்ட் 1769இல் இந்தக் குருவியை உலகுக்கு அறிமுகப்படுத்தியது இலங்கைப் பறவையை வைத்துத்தான். அதன் அறிவியல் பெயரிலுள்ள 'சுட்டோரியஸ்' லத்தீனில் செருப்புத் தைப்பவனைக் குறிக்கும். பொருத்தமான பெயர். துணி தைப்பவரின் ஊசி துளையிட்ட கையோடு நூலையும் இழுத்துப் போகும். செருப்புத் தைப்பவரோ முதலில் குத்தூசியால் துளையிட்டு, பிறகு நூல் கோப்பார். குருவியின் முறை இரண்டாவது.

தமிழில் 'தை' என்றால் முதலில் குத்துவது. முள் தைக்கிறது, அம்பு தைக்கிறது, சில பேச்சும் தைக்கிறது. அதே வினைதான் சட்டையையும் தைக்கிறது. ஆஸ்பத்திரியில் 'எத்தனை தையல்?' என்று கேட்கும்போது காயம் எவ்வளவு பெரிது என்று கேட்கிறோம்; பதிலாக வருவதோ அதை மூடிய கணக்கு. பழைய தமிழில் தையல் என்றால் பெண். ஔவையின் ஆத்திசூடி அவள் பேச்சைக் கேட்காதே என்றது. பாரதியின் புதிய ஆத்திசூடி அவளை உயர்த்தச் சொன்னது. நான் பாரதி பக்கம். வைத்தீஸ்வரன் கோயிலில் நோய் தீர்க்கும் ஈசனுக்குப் பக்கத்தில் இருப்பவள் தையல்நாயகி. வைத்தியருக்கு அருகே தையல்! சொல்லாராய்ச்சிக்காரர்கள் முறைப்பார்கள், இருந்தாலும் எனக்கு இந்தச் சேர்க்கை பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஈர்க்குக் குத்திச் சேர்த்த சாப்பாட்டு இலைக்கும் தையல் இலை என்றே பெயர். குருவிக்கு இந்தச் செய்தி போயிருக்காது.

லக்கல இருக்கும் மாத்தளையும் உட்பட்ட பழைய கண்டி இராச்சியத்தின் தையலை ரசிக்க வெற்றிலைப் பை ஒன்று போதும். சிங்களத்தில் புலத் பயிய. நீலமோ வெள்ளையோ ஆன பருத்தித் துணி. அதன்மேல் சிவப்பு, நீலம், வெள்ளை நூல். நடுவே தாமரை, சுற்றிலும் கொடி. வெற்றிலை போடும் பைக்கு இத்தனை வேலையா என்று கேட்கலாம். கண்டிச் சீமையில் வெற்றிலை கொடுப்பது மரியாதை. மரியாதையைச் சுமக்கும் பை சாதாரணமாக இருக்க முடியுமா? மறைந்திருந்தால்தான் நல்ல தையல் என்பது சட்டைக்கடை நியாயம். இந்தப் பையில் தையல்தான் படம். பெரும்பாலும் சங்கிலித் தையல். ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணி பிடித்து நிறுத்துகிறது. கடைசிக் கண்ணியை முடிச்சிடாமல் விட்டால் ஒரு இழுப்பில் தாமரை முழுவதும் அவிழ்ந்துவிடும். கொடி வளையும் இடத்தில் கண்ணிகள் சுருங்காமல், விரியாமல் ஒரே அளவில் திரும்புகின்றனவா என்று பாருங்கள். கையின் தேர்ச்சி அங்கேதான் தெரியும்.

இந்த வேலைகளை மதித்து எழுதியவர் கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்து குமாரசுவாமியின் மகன். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது நூல் 1908இல் இங்கிலாந்தில், ஆங்கிலக் கைவினைக் கலைஞர் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியில், 425 பிரதிகள் மட்டும் அச்சானது. அன்று அவர் மனைவியாயிருந்த எதெல் கண்டித் தையலை ஊன்றிக் கவனித்தவர். பின்னாளில் எதெல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கைத்தறி நெசவாளரானார்.

நூதனசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். இப்பைகளின் முகத்தை மட்டும் காட்டாதீர்கள். முன்புறம் கண்ணியாகத் தெரியும் சங்கிலித் தையல், பின்புறம் வெறும் நேர்கோடாக ஓடும். அந்தக் கோடு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துத்தான் தைக்கத் தெரிந்தவர்கள் ஒரு வேலையை மதிப்பார்கள். ஒரே ஒரு பையையாவது உட்புறம் தெரியும்படி திருப்பி வையுங்கள்.