தோளை நோகவிடாத தோட்டா

பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கி சுடும் போட்டிகள் 2024-ல் ஷாட்டோரூவில் நடந்தன. பறக்கும் தட்டுகளை ஷாட்கனால் சுடும் ஆடவர் டிராப் தகுதிச் சுற்றில் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 125 தட்டுகளில் 118-ஐ உடைத்தார். தவறியது ஏழே ஏழு. கிடைத்ததோ 21-ஆம் இடம். அவ்வளவு நெருக்கமான ஆட்டம் இது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அணிப் பிரிவுத் தங்கம் வென்ற மூவரில் ஒருவர் அவர். அப்படிப்பட்டவருக்கே நிலைமை இதுவென்றால், ஓரிரு தட்டுகளைக் காவு வாங்கும் எந்தக் காரணமும் சிறியதல்ல. அத்தகைய காரணங்களில் நம் ஊரில் மிகக் குறைவாகப் பேசப்படுவது தோட்டாவின் உதை.

தகுதிச் சுற்றில் டிராப் வீரர் ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். அப்படியானால் தகுதிச் சுற்று முடிவதற்குள் அவர் தோள் குறைந்தது 125 உதைகளையாவது வாங்கியாக வேண்டும். பயிற்சி நாட்களில் இந்த எண்ணிக்கை இன்னும் கூடும். சர்வதேச விதிப்படி ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயக் குண்டுகளுக்கு மேல் இருக்கக்கூடாது; அளவைப் பிழைக்காக அரை கிராம் விட்டுக்கொடுக்கிறார்கள். நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் அந்த 24 கிராம் வெளியேறும்போது, 3.7 கிலோ எடையுள்ள துப்பாக்கி ஏறக்குறைய 17.5 ஜூல் ஆற்றலோடு பின்னால் வருகிறது. இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடைக்கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தோளில் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. அதே வேகத்தில் 28 கிராம் தோட்டாவுக்குக் கணக்குப் போட்டால் 23 ஜூல். 32 கிராமுக்கு 29. குண்டின் எடை மூன்றில் ஒரு பங்கு கூடினால் உதை மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. புதியவர்கள் பலரும் பார்க்கத் தவறும் இடம் இதுதான். தோட்டாப் பெட்டியில் 24-க்கும் 32-க்கும் இடையே தெரிவது எட்டு கிராம் வித்தியாசம் மட்டுமே. தோளில் அது வேறு கதை.

1962-ல் கெய்ரோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் டிராப் வெள்ளி வென்ற பிகானேர் மன்னர் கர்ணி சிங்கின் தலைமுறை இன்றைவிடக் கனமான தோட்டாக்களால்தான் சுட்டது. பிறகு விதி படிப்படியாகக் குறைத்துக் குறைத்து 24 கிராமுக்கு வந்து நின்றது. குண்டு குறைந்தால் தட்டுகள் தப்பிவிடும், மதிப்பெண் சரியும் என்று தோன்றலாம். சரியவில்லை. பாரிஸில் தங்கம் வென்ற பிரிட்டனின் நேதன் ஹேல்ஸ், ஒரு தட்டுக்கு ஒரே முறை மட்டும் சுட அனுமதிக்கும் இறுதிச் சுற்றில், 50-க்கு 48 உடைத்தார். 2.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயக் குண்டுகள் 24 கிராமில் ஏறக்குறைய 300 இருக்கும். 11 சென்டிமீட்டர் விட்டத் தட்டை உடைக்க அவற்றில் சில பட்டாலே போதும். குறி சரியாக இருந்தால் 300 தாராளம். குறி பிசகினால் 400 இருந்தும் பயனில்லை.

உதையின் உண்மையான கேடு தோளில் வரும் வலி அல்ல. வலிக்கு ஓய்வு உண்டு, களிம்பு உண்டு. அடி வரப்போகிறது என்று உடல் முன்கூட்டியே கற்றுக்கொள்வதுதான் கேடு. பயிற்சியாளர்கள் இதை ஃபிளிஞ்ச் என்பார்கள். விசையை அழுத்தும் அந்தக் கணத்தில் கண் தானாக மூடும். விரல் மெல்ல அழுத்துவதற்குப் பதில் வெட்டி இழுக்கும். கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையை விட்டு எழும்பும். டிராப்பில் கன்னம் எழும்பினால் கண்ணும் மேலே போகும், குண்டுகளும் தட்டுக்கு மேலே போகும். சுடுபவருக்கு இது தெரியாது. சரியாகத்தானே பிடித்தோம் என்று அவர் சத்தியம் செய்வார். தெரியவைக்க ஒரு பழைய வழி இருக்கிறது. பயிற்சியாளர் துப்பாக்கியை வாங்கி, சில முறை உண்மைத் தோட்டாவையும் சில முறை போலித் தோட்டாவையும் அவருக்குத் தெரியாமல் போட்டுக் கொடுப்பார். போலி வரும்போது சத்தமும் இல்லை, உதையும் இல்லை. ஆனால் குழல் முனை மட்டும் துள்ளும். அந்தத் துள்ளல் முழுக்க அவருடையது. ரேஞ்சில், பயிற்சியாளர் உடனிருக்க மட்டுமே செய்ய வேண்டிய சோதனை இது. ஒருமுறை பழகிய ஃபிளிஞ்சைப் போக்க மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே அதை வரவிடாமல் தடுப்பதே புத்தி. அதற்கு முதல் கருவி மென்மையான தோட்டா.

மென்மை என்றால் குண்டின் எடையை மட்டும் பார்ப்பது போதாது. வேகமும் உதையைத் தீர்மானிக்கிறது. அதே 24 கிராமை 400-க்குப் பதில் 370 மீட்டர் வேகத்தில் அனுப்பினால் 17.5 ஜூல் என்பது 15-க்கு அருகே இறங்கும். 21 கிராம், 365 மீட்டர் என்று எடுத்தால் 11, 12 தான். வேகம் குறைந்தால் தட்டுக்கு முன்னால் பிடிக்கும் தூரத்தைக் கூட்ட வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் 30 மீட்டர் தூரத்துத் தட்டுக்கு அந்த வித்தியாசம் ஒரு சாண்கூட வராது. குண்டுகள் விரியும் வட்டம் அதைவிடப் பெரியது. வேகமான தோட்டாவே வெற்றித் தோட்டா என்ற எண்ணம் பெட்டி அட்டையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வந்தது. களத்தில் அதற்குச் சான்று தேடினால் சொற்பமே கிடைக்கும்.

இன்னொரு தவறான எண்ணம், உருவம் சிறிய பெண்ணுக்கும் பதின்வயதுப் பிள்ளைக்கும் வழக்கமான 12 போருக்குப் பதில் குழல் குறுகிய 20 போர் துப்பாக்கி கொடுத்தால் உதை குறையும் என்பது. 20 போர் துப்பாக்கி பெரும்பாலும் இலகுவானது, சிக்கலே அதுதான். அதில் அதே 24 கிராமைப் போட்டு, துப்பாக்கி எடை மூன்று கிலோ என்று வைத்துக்கொண்டால், உதை 21 ஜூலைத் தாண்டும். கனமான 12 போரில் 21 கிராம் தோட்டா இதைவிட எவ்வளவோ மேல். பிள்ளையின் கை அந்தக் கனத்தைத் தாங்குமா என்பது நியாயமான கேள்வி. தாங்காவிட்டால், 20 போரிலும் அதற்கேற்ற குறைந்த கிராம் தோட்டாவைத் தேட வேண்டும். இரண்டு போர்த் தோட்டாக்களையும் ஒரே பையில் போடவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் அடைத்துக்கொள்ளும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.

தோட்டாவைக் குறை சொல்லும் முன் கட்டையைப் பார்க்க வேண்டும். கட்டையின் நீளம் பொருந்தாமல், கன்ன எலும்பில் அடிக்கும்படி இருந்தால் 21 கிராமும் வலிக்கும். தானியங்கி ஷாட்கன் வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிக மென்மையான தோட்டாவில் வெடிமருந்து வாயுவின் அழுத்தம் போதாமல், வெற்று உறை வெளியேறாமல் சிக்கலாம். மேல் கீழாக இரட்டைக் குழல் கொண்ட போட்டித் துப்பாக்கியில் இந்தத் தொல்லை இல்லை.

உதை குறைந்தால் குறி நிற்கும் என்ற பாடத்தைக் கைத்துப்பாக்கிக்காரர்கள் வெகு காலம் முன்பே படித்துவிட்டார்கள். 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் நான்கே விநாடிகளில் ஐந்து குறிகளைச் சுட வேண்டும். ஒவ்வொரு உதைக்கும் முனை எழும்பினால் அடுத்த குறிக்கு நேரம் இருக்காது. அதற்காகவே ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை .22 ஷார்ட் என்ற குட்டித் தோட்டா அங்கே ஆட்சி செய்தது. 2005-லிருந்து விதி மாறி .22 லாங் ரைஃபிள் கட்டாயமானது. அந்தப் புதிய விதியின் கீழ்தான் நம் விஜய் குமார் 2012 லண்டனில் வெள்ளி வென்றார். சென்டர் ஃபயர் பிரிவில் 9.65 மில்லிமீட்டர் வரை பெரிய தோட்டாக்களுக்கு அனுமதி உண்டு. என்றாலும் தேர்ந்த கைகள் நாடுவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் வாட்கட்டரை. தட்டை முகமுள்ள ஈயத் தலை, அடக்கமான வேகம், காகிதத்தில் சுத்தமான வட்டத் துளை. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் இந்தப் பிரிவில் ஜஸ்பால் ராணா 590 புள்ளிகளோடு உலகச் சாதனையைச் சமன் செய்தார். பெரிய தோட்டாவுக்கு வழி திறந்திருந்தும் சிறியதையே எடுக்கும் போட்டி உலகத்தின் தேர்வு எனக்கு எந்தக் கணக்கையும்விட வலுவான சாட்சி. 300 மீட்டர் ரைஃபிளிலும் இதே கதைதான்: பழைய 7.62 மில்லிமீட்டர் தோட்டாக்களின் இடத்துக்கு மென்மையான 6 மில்லிமீட்டர் பி.ஆர். வந்துவிட்டது.

50 மீட்டர் ரைஃபிளில் உதை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 2.6 கிராம் ஈயத் தலை, நொடிக்கு 330 மீட்டர், ஐந்து ஆறு கிலோ துப்பாக்கி; ஒரு ஜூலில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே நிற்பதால் சத்தமும் அடங்கியிருக்கும், தலையின் பாதையும் குலையாது. துப்பாக்கிப் பழக்கமே இல்லாதவர் முதலில் கையில் எடுக்க இதைவிட நல்லது கிடையாது. ஏர் ரைஃபிள் இன்னும் நல்லது.

நம் நாட்டில் தேர்வு எளிதல்ல. உரிமம் இல்லாமல் ஷாட்கன் தோட்டா ஒன்றுகூட வாங்க முடியாது. உரிமத்திலும் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. தரமான போட்டித் தோட்டா பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது. அதனால் கிடைத்ததைச் சுடுவதே பலருக்கு வழக்கமாகிவிட்டது. வேட்டைக்கென்று செய்த கனத் தோட்டாவைப் புதியவர் தோளில் வைத்துச் சுட வைப்பதும் அதனால்தான். முதல் நாளே தோள் கன்றி வீட்டுக்குப் போகும் பிள்ளை மறுவாரம் ரேஞ்சுக்கு வராது. எத்தனை நல்ல கண்களை இந்த ஆட்டம் அப்படி இழந்ததோ என்ற வருத்தம் எனக்கு உண்டு.

சங்கங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. இறக்குமதிப் பட்டியல் எழுதும்போது, போட்டி வீரர்களுக்கான 24 கிராம் வேகத் தோட்டாவோடு, 21 கிராம் மென்தோட்டாக்களையும் சில பெட்டிகள் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் அவற்றையே கொடுங்கள். போட்டிக்குப் போகிறவர்கள் தினசரிப் பயிற்சியை வேகம் குறைந்த 24 கிராமில் நடத்தி, போட்டித் தோட்டாவைக் கடைசி இரண்டு மூன்று வாரங்களுக்கு வைத்துக்கொள்ளட்டும்.