தீவும் புத்தாக்கமும்: ஒரு கோட்பாடு பற்றிய மறுநோக்கு

பல்கலைக்கழகம், கைத்தொழில், அரச நிறுவனம் ஆகியன ஒரே நிலப்பரப்பில் இடையறாது ஊடாடும்பொழுதே புதிய தொழில்நுட்பம் அங்கு வேரூன்றும் என்பது 1992 இல் பிலிப் குக் முன்வைத்த பிராந்தியப் புத்தாக்க முறைமைக் கோட்பாட்டின் சாரமாகும். 2005 இல் இதனை விரித்தாராய்ந்த வியன்னா அறிஞர்களான தெட்லிங், திரிப்பிள் ஆகியோர், விளிம்புப் பிரதேசங்களின் தலையாய குறை நிறுவன அடர்த்தியின்மையே என்றனர். எடுத்த எடுப்பில் ஏற்புடையதாகத் தோன்றும் இம்முடிபு தீவுகளுக்கு எத்துணை பொருந்தும் என்பது ஆராயற்பாலது.

ஸ்கொட்லாந்தின் வடகரைக்கு அப்பாலுள்ள ஓர்க்னித் தீவுகளின் குடித்தொகை ஏறத்தாழ 22,000. இங்கு 1951 இலேயே 100 கிலோவாற் வலுவுள்ள காற்றாலை ஒன்று பரீட்சிக்கப்பட்டது. கோட்பாடு பிறப்பதற்கு நாற்பதாண்டுகள் முன்னர் என்பது நினைவிருத்தற்குரியது. 2003 இல் ஸ்ரோம்னஸ் நகரில் ஐரோப்பியக் கடற்சக்தி மையம் எழுந்தது. பிரித்தானிய அரசு, ஸ்கொட்லாந்து அரசு, பிராந்திய அபிவிருத்தி நிறுவனம், உள்ளூர் மன்றம் யாவும் அதற்குப் பொருளுதவின. மறுவருடம் பெலாமிஸ் என்னும் மிதக்கும் அலைப்பொறி அங்கிருந்து தேசிய மின்வலைக்கு மின்சாரம் வழங்கியது. இத்துணைச் சிறிய சமூகத்தில் மன்றத்திற் சந்திப்போரே துறைமுகத்திலும் சந்திப்பர். ஒத்துழைப்புக்கெனத் தனிச் செயலகம் வேண்டுவதில்லை. நிறுவனங்களை எண்ணிக் கணக்கிடுவோருக்கு இவ்வுறவு புலப்படாமை வியப்பன்று.

எனின், குறை எங்குளது? பெலாமிஸ் கம்பனி எடின்பரோவைச் சார்ந்தது. மேலதிக முதல் கிடையாமையால் 2014 இல் அது வீழ்ந்தது. ஓர்க்னி 2013 தொட்டுத் தன் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தைக் காற்றினின்றும் கடலினின்றும் பெற்றுவந்தது. ஆயினும் பெருநிலத்தோடு அதனை இணைத்த கடலடி வடங்கள் அம்மிகுதியைத் தாங்கவில்லை; வீசுங்காற்றிலேயே காற்றாலைகள் நிறுத்தப்பட்டன. அதேவேளை, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வழியற்ற குடும்பங்களின் விகிதம் ஸ்கொட்லாந்தில் மிகவுயர்ந்த இடங்களுள் ஓர்க்னியும் ஒன்றாயிருந்தது. 220 மெகாவாற் கொள்ளளவுடைய புதிய வடத்திற்கு 2023 இலேயே இசைவு கிடைத்தது. அதனை வழங்கும் அதிகாரம் தீவாரிடம் இருக்கவில்லை. பிரித்தானிய மின்சார ஒழுங்குபடுத்தல் சபையிடமே இருந்தது.

தெட்லிங்கும் திரிப்பிளும் வெளித்தொடர்புகளின் அவசியத்தை மறுத்தாரல்லர். ஆனால் அத்தொடர்புகளை அறிவு வந்துசேரும் வழிகளாகவே அவர்கள் நோக்கினர். ஆணை வந்துசேரும் வழிகளாக நோக்கவில்லை. ஈடே தீவில் 2017 இல் வடத்தில் இடமின்றி வீணாகவிருந்த மின்சாரத்தைக் கொண்டு ஐதரசன் தயாரிக்கப்பட்டது. அது கேர்க்வால் நகருக்குக் கடல்வழி அனுப்பப்படலாயிற்று. நிறுவன ஒத்துழைப்பின் சிறந்த சான்றாக இதனைக் காட்டுவோர் பலர். போதிய வடம் ஒன்று அன்றே இருந்திருப்பின் அம்மின்சாரத்தை ஐதரசனாக்கிக் கப்பலேற்றும் தேவை ஈடே மக்களுக்கு எழுந்திராது.