‘விஷச்சாராயம்’ என்னும் குறைச்சொல்

பெட்ரோல் வேறு, பென்சீன் வேறு. முன்னது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. பின்னது ஆறு கார்பன் அணுக்கள் வளையமாய் இணைந்த ஒரே சேர்மம். ஆனால் ஜெர்மானியர் பெட்ரோலைத்தான் ‘பென்சின்’ என்பர். பெயரை மட்டும் நம்பினால் பொருளை மாற்றிக் கொள்வோம். நம்மிடையேயும் இத்தகைய குழப்பம் ஒன்றுண்டு; அது உயிரைக் குடிப்பது.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் குடித்துப் பலர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் பலியாயினர். இருமுறையும் செய்தித் தலைப்புகளில் நாம் கண்ட சொற்கள் ‘கள்ளச்சாராயம்’, ‘விஷச்சாராயம்’ என்பனவே. முதற்சொல் குற்றத்தைச் சொல்கிறது, பொருளைச் சொல்லவில்லை. இரண்டாவது சொல் நஞ்சு உண்டென்கிறது. அந்நஞ்சு எதுவெனச் சொல்லவில்லை.

மதுவில் இருப்பது எத்தனால். அதுவும் உடலுக்கு நல்லதன்று. ஆனால் கல்லீரல் அதை இறுதியில் அசெட்டிக் அமிலமாக்கும். அதாவது காடியிலுள்ள அமிலம். ஒரு கார்பன் அணு குறைந்த மெத்தனாலையோ, முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். இவ்வமிலம் பார்வை நரம்பைத் தாக்கும். மிகுந்தால் உயிரைப் பறிக்கும்.

பார்த்தோ முகர்ந்தோ வேறுபாடு காண இயலாதா என்று கேட்பீர்கள். இயலாது. இரண்டும் நிறமற்றவை, மணமும் ஏறத்தாழ ஒன்றே. உப்பளங்களில் உப்புநீரின் அடர்த்தியை அளக்க ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடுவர். ஏறக்குறைய 25 டிகிரி பாமே வந்தால் உப்பு படியத் தொடங்கும். அத்தகைய கருவியும் இங்கே கைவிரித்து விடும். தூய நிலையில் இரண்டின் ஒப்படர்த்தியும் சுமார் 0.79தான்! கொதிநிலைகள் மட்டும் 65, 78 டிகிரி செல்சியஸ் என வேறுபடுகின்றன. ஆனால் குடிக்கப் போகிறவர் வெப்பமானியோடு போவதில்லை.

ஆகவே செய்தியே எச்சரிக்கையாக அமைதல் வேண்டும். மெத்தனாலின் கொடுமை பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வெளிப்படும். அதே சரக்கைக் குடித்துவிட்டு, “நமக்கு ஒன்றுமில்லை” என்று படுத்திருப்பவர் மறுநாள் கண் மங்கி எழுவார். மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு. ஆனால் காலம் தாழ்த்தினால் பயன் குறையும். ‘விஷச்சாராயம்’ என்ற தலைப்பு அவரை எழுப்பாது. “இது மெத்தனால், குடித்தவர்கள் நலமாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்க” என்ற ஒரு வரி எழுப்பக்கூடும்.

வாசகர்களே, சரியான பெயர் தேர்வுத்தாளில் மதிப்பெண் பெற மட்டுமன்று. ஓர் உயிரைக் காக்கவும் உதவும்.