வல்லிசையும் தமிழும்: மலேசியத் தமிழரின் மொழித்தேர்வு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

போர்ட் கிள்ளான், 1901ஆம் ஆண்டு போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பெற்ற துறைமுகமாகும். 1972இல் அது இன்றைய பெயரைப் பெற்றது. அத்துறைமுகத்திலும் பிரிக்பீல்ட்ஸ் இருப்புப்பாதைப் பணிமனைகளிலும் உழைத்த தமிழர், கிள்ளான் பள்ளத்தாக்கின் நகர்ப்புறத் தமிழ் வாழ்வு உருப்பெறக் காரணமாயினர். உழைப்பாளர் நகரங்களின் இளைஞரைப் பெரிதும் ஈர்த்த இசை 'ஹார்ட் ராக்' எனலாம். இந்நாட்டில் அவ்விசை மலாய்மொழியில் ஆழ வேரூன்றியது. தமிழில் அவ்வாறு வேரூன்றவில்லை. இதற்குக் காரணம் தமிழ்மொழியின் இயல்பா, அன்றிச் சூழலா என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஹார்ட் ராக் இசையை ஈண்டு 'வல்லிசை' எனக் குறிக்கின்றோம்.

வல்லிசையின் இயல்பு

வல்லிசையின் முன்னோடிகளுள் ஒன்றான பிளாக் சபாத் குழு, 1968இல் இங்கிலாந்தின் தொழில்நகரமான பர்மிங்காமில் தோன்றியது. அதன் கித்தார் கலைஞர் டோனி ஐயோமி, தகட்டுத் தொழிற்சாலை விபத்தொன்றில் இரு விரல் நுனிகளை இழந்தவர். விரல்களின் வலியைக் குறைக்கத் தந்திகளைத் தளர்த்தி வாசித்தார். அதனால் தாழ்ந்து கனத்த ஓசை பிறந்தது. உடற்குறை ஒன்று ஓர் இசைவகையின் அடையாளமாகவே மாறியமை இங்கு எண்ணத்தக்கது.

டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' 1972இல் 'மெஷின் ஹெட்' தொகுப்பில் வெளிவந்தது. சுவிட்சர்லாந்தின் மொன்த்ரூ நகரக் கேளிக்கை அரங்கு 1971 டிசம்பரில் தீக்கிரையானதை அது பாடுகிறது. நான்கே சுரங்களாலான கித்தார் தொடர் ஒன்று மீண்டும் மீண்டும் வந்து அப்பாடலைத் தாங்குகிறது. சிறு தொடர் மீண்டு வருதல், ஓசையை வேண்டுமென்றே கரகரப்பாக்குதல், முரசின் கனம், உயிரொலியை உச்சத்தில் நீட்டும் குரல் ஆகிய நான்கும் இவ்விசையின் கூறுகளாகும்.

மலாய்மொழியில் வல்லிசை

1981இல் ஜொகூர் பாருவில் தோன்றிய சர்ச் குழு, 1985இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. 1989இல் வந்த அதன் 'இசபெல்லா' இந்தோனேசியாவிலும் பெரும்புகழ் பெற்றது. விங்ஸ் முதலிய குழுக்களும் உடன் வளர்ந்தன. இவ்வகை, கோடரி எனப் பொருள்படும் 'காப்பாக்' என்னும் அடைமொழியோடு 'ராக் காப்பாக்' எனப்பட்டது. 1992இல் நீண்ட முடி வளர்த்த கலைஞர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றுவதற்குத் தடை விதிக்கப்படும் அளவிற்கு அதன் செல்வாக்கு இருந்தது.

இதன் வெற்றிக்கு ஒலிப்பெருக்கம் மட்டும் காரணமன்று. மேலை நாட்டுக் கித்தாரை ஏற்றுக்கொண்ட இக்குழுக்கள், பாடலின் மெட்டில் மலாய்ப் பாடல்மரபின் ஏக்கத்தைக் கைவிடவில்லை. 'இசபெல்லா' ஓர் உரத்த பாடல் என்பதைவிட உருக்கமான பாடல் என்பதே பொருந்தும்.

தமிழ்க் கலைஞரின் மொழித்தேர்வு

தமிழரிடம் திறன் இல்லாமல் இல்லை. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், 2007இல் மறைந்த லோகநாதன் ஆறுமுகம் ஆகிய உடன்பிறந்தாரின் அல்லிகேட்ஸ் குழு, மெல்லிசைப் பாங்கிலான மலாய்ப் பாடல்களால் நாடறிந்தது. சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய ருத்ரா குழு, வல்லிசையினும் வன்மைமிக்க மெட்டல் இசையில் வேதாந்தக் கருத்துகளைப் பாடியது. 'பிரம்மவித்யா' என்னும் அதன் முத்தொகுப்பு 2005, 2009, 2011ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. ஆயினும் அதன் முதன்மை மொழிகள் ஆங்கிலமும் வடமொழியுமே. மந்திர ஒலிப்பின் கட்டுக்கோப்பு அவ்விசைக்கு நன்கு பொருந்துகிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், தத்துவத்தையும் சினத்தையும் ஒருங்கே பாடிய சித்தர் மரபு தமிழில் இருப்பதை எண்ணுங்கால், நழுவிய வாய்ப்பு ஒன்று புலனாகிறது.

தமிழுக்குச் சூழல் தடையாயிற்று என்றே கருதுகின்றோம். வானொலியும் மேடையும் திரைப்பாடலையே பெரிதும் சார்ந்திருந்தமையால், தனிக்குழுப் பாடலுக்குத் தமிழில் கேட்போர் வட்டம் சுருங்கியே இருந்தது.

வண்ணமும் வல்லிசையும்

வினைமுற்று இறுதியில் வருவதாலும் சொற்கள் நீள்வதாலும் தமிழ் இவ்விசைக்கு ஏலாது என்பாருளர். இக்கருத்து ஏற்புடையதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைச் சுட்டுகிறது. வல்லெழுத்து மிகுவது வல்லிசை வண்ணம். நெட்டெழுத்துப் பயில்வது நெடுஞ்சீர் வண்ணம். குற்றெழுத்துப் பயில்வது குறுஞ்சீர் வண்ணம். அளபெடை பயில்வது அளபெடை வண்ணம். இவை எழுத்தோசை பற்றியன, கருவியிசை பற்றியன அல்ல என்பதை மறத்தலாகாது. எனினும் ஓசையின் வன்மையையும் நீட்சியையும் பாவலன் தெரிந்து ஆளலாம் என்னும் அறிவு இங்குண்டு.

வல்லினம் உயிரிடையே மென்மையுறும். ஒற்று இரட்டிக்குங்கால் அதன் வன்மை மீளும். ஆதலின் 'முட்டு', 'வெட்டு', 'தாக்கு' போன்ற சொற்கள் முரசடியோடு இயல்பாகவே இயையும். குறையாகக் கூறப்படும் இறுதி வினைமுற்றே உண்மையில் வலிமையாகிறது. வந்தேன், வருவாய், வாரீர் என முற்றுகள் நெடிலைத் தாங்கி அடியின் இறுதியில் நிற்கின்றன. வல்லிசைப் பாடகர் குரலை நீட்டுமிடமும் அதுவேயாம்.

யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' (2006), மலேசியத் தமிழில் ராப் இசை நிலைபெற முடியும் எனக் காட்டிற்று. ராப் பேச்சோசையைச் சார்ந்தது. வல்லிசையோ நீட்டலையும் வேண்டுவது. அவ்விடைவெளியை நிரப்பும் முயற்சிக்குச் சென்னையில் 2018இல் அரங்கேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சான்றாகும். கானா, ராப், ராக் ஆகியன பறையோடும் மின்கித்தாரோடும் அங்குத் தமிழில் இணைந்தன.

முடிவுரை

மலாய்க் குழுக்கள் தம் மெட்டை விடாமல் கித்தாரை ஏற்றன. நம்மிடமோ உரத்த ஓசைக்குப் பஞ்சமில்லை. பத்துமலைத் தைப்பூசத்தில் காவடிக்கு முன் முழங்கும் உறுமி மேளமே போதிய சான்று. அவ்வுறுமியும் கித்தாரும் தமிழ்ப்பாடலில் சந்திக்க மொழி தடையாக இல்லை. வண்ணத்தைத் தேர்வுக்குரிய இலக்கணமாக மட்டும் கற்பிக்காமல், மாணவர் தம் செவிக்குப் பழகிய ஓசைகளோடு பொருத்திக் காட்டுவது ஆசிரியர் கடனாகும். உரக்கப் பாட விரும்பும் தமிழ் இளைஞன் அதற்காகத் தன் மொழியை விட்டு வெளியேற வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் முடிபு.