ஏலத்துக்கு வந்த பலகைகள்

18ஆம் நூற்றாண்டு லண்டன் நாளிதழ்களில் முதல் பக்கத்தைப் பெரும்பாலும் விளம்பரங்களே பிடித்துக்கொள்ளும். தொலைந்த நாய், வாடகைக்கு வீடு, பல்வலிக்கு மருந்து, ஏலம். 1712 முதல் விளம்பரம் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் வரி; 1757இல் அது இரண்டு ஷில்லிங் ஆயிற்று. கைக்காசைக் கொடுத்து நாலு வரி போடுகிற தொழிலாளி சும்மா போடமாட்டான். அவனுக்கு என்ன முடை என்பது அந்த நாலு வரியில் இருக்கும்.

தாமஸ் சிப்பண்டேலை அப்படித்தான் தேட வேண்டியிருக்கிறது. உலகம் முழுக்க நாற்காலிக்கே பெயராகிப்போன அந்த மனிதருக்கு நம்பகமான உருவப்படம் ஒன்றுகூட இல்லை. யார்க்‌ஷயரில் ஓட்லி என்ற ஊரில், 1718இல், தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். முத்திரை குத்தி மரச்சாமான் விற்கும் வழக்கம் அவருக்கு இல்லாததால், எது அவர் செய்தது என்பதற்கே பழைய ரசீதுகளைத்தான் நம்ப வேண்டும்.

1753இல் அவர் பத்திரிகையில் தோன்றும் விதம் அலாதி. செய்து முடித்த மேசையை விற்க வரவில்லை. இன்னும் அச்சாகாத ஒரு புத்தகத்துக்குச் சந்தா கேட்கிறார். மறு வருஷம் 160 தகட்டுப் படங்களோடு அது வெளிவந்தது. அதில் நாற்காலியின் முதுகைப் பாருங்கள்: நாடா மடிந்து சுழல்வதுபோல் வரைந்திருக்கிறார். ஒரு தச்சர் தன் மாதிரிகளை இத்தனை பெரிய நூலாகப் போடுவது அதுவரை லண்டன் காணாத துணிச்சல். ஜேம்ஸ் ரானி என்ற ஸ்காட்லாந்துக்காரரின் முதலீடு பின்னால் இருந்தது. செயின்ட் மார்டின்ஸ் லேனில் பட்டறையும் வந்தது.

1755 ஏப்ரலில் அந்தப் பட்டறை எரிந்தது. ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்கிறது. ஆனால் 22 வேலையாட்களின் கருவிப் பெட்டிகளும் எரிந்தன என்பதை மறக்காமல் சேர்க்கிறது. உளியும் இழைப்புளியும் அந்தக் காலத்தில் கூலித்தச்சனின் சொந்தச் சொத்து. 22 பேரின் பிழைப்பு ஒரே தீயில் கரியானதை அந்தச் செய்தியாளர் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

பிறகு 1759இல் இன்ஸ், மேஹியூ என்ற இளைய போட்டியாளர்கள் இதேமாதிரி ஒரு புத்தகத்தைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்க, சிப்பண்டேலும் தன் புத்தகத்தின் புதுப் பதிப்பை வாரப் பகுதிகளாக அறிவிக்கிறார். தூங்கவிடாத தொழில்.

எனக்கு இவற்றில் எல்லாம் மேலானது 1766இன் ஏல விளம்பரம். ரானி அந்த ஜனவரியில் இறந்துபோனார். அவர் பங்கைப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். கையில் பணம் இல்லை. கடைச் சரக்கு முழுவதும் ஏலம் என்று அறிவிப்பு வருகிறது. மகோகனியில் செய்த சாமான்கள், பலகைகள், மரச்சீவல் தகடுகள், பாதி வேலையான உருப்படிகள், பதப்படுத்திய இறகு ஒரு பெரும் பொதி. இறகு எதற்கு? மெத்தைக்கும் திண்டுக்கும்; அவர் வீட்டையே அலங்கரித்துத் தரும் ஒப்பந்தக்காரர். நாற்காலியை விற்பது வியாபாரம். ஆனால் நன்றாக உலர்ந்த பலகை ஒரு தச்சரின் நாளைய சாப்பாடு. வருஷக்கணக்கில் காயவைத்துப் பாதுகாத்த மரத்தை விற்கிறவர் விதைநெல்லை அளந்து போடுகிறார். அதே விளம்பரத்தில், இனித் தொழிலைத் தன் பொறுப்பில் தானே நடத்துவதாகவும் அறிவிக்கிறார். கடன் தீர்க்கும் அறிவிப்பிலேயே கடை திறந்திருக்கிறது என்றும் சொல்லும் சாமர்த்தியத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

அவருடைய மிகச் சிறந்த வேலைகள் இதற்குப் பிறகுதான் வந்தன. யார்க்‌ஷயரின் ஹேர்வுட் மாளிகைக்கு 1773இல் செய்த அலமாரியில் கதவுக்கு ஒருவராக டயானா, மினர்வா தேவியர் அமர்ந்திருக்கிறார்கள். பொன்னிற சாட்டின்வுட் மேல் வெவ்வேறு மரங்களை வெட்டிப் பதித்த சித்திரம், தந்தமும் உண்டு. நடுவில் கதவு உள்வாங்கிக் குழிந்திருக்கிறது. வளைந்த பரப்பில் தகடு ஒட்டித் தவறாமல் பிடிக்கவைப்பது எத்தனை சள்ளை என்று தச்சர்களைக் கேட்டால் தெரியும். விலை 86 பவுண்டு. வாங்கியவர் எட்வின் லாசெல்ஸ்; அவர் குடும்பத்துப் பணம் கரீபியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையில் வந்தது. நோஸ்டெல் மாளிகையின் சர் ரோலண்ட் வின்னுக்கோ சிப்பண்டேல் காசு கேட்டுக் கெஞ்சிக் கடிதம்மேல் கடிதம் எழுதியிருக்கிறார். பிரபுக்கள் சாவகாசமாகத் தருவார்கள், மரக்கடைக்காரர் காத்திருக்கமாட்டார். 1771இல் ரானியின் பழைய கணக்கர் தாமஸ் ஹெய்க் பங்காளியானது அந்தச் சங்கடத்தைக் கொஞ்சம் தணித்திருக்க வேண்டும்.

1779இல் அவர் இறந்தார். அவர் பெயரையே தாங்கிய மூத்த மகன் தொழிலை எடுத்து நடத்தி, 1804இல் திவாலானார். தகப்பன் கைக்கு மகனின் கை சளைத்ததில்லை என்பது என் அபிப்பிராயம். திவாலான மறு வருஷமே ஸ்டவர்ஹெட் மாளிகையின் நூலகத்துக்கு எகிப்தியத் தலைகள் செதுக்கிய மேசை ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறார்.